நார்மன் இல்லாத கதை

அந்தக் கோடையில், வாஷிங்டன் கீழவையில் பிரதிநிதியாக இருந்த டக் வெஸ்லிங்கின் அலுவலகத்துக்கு அவசரமாக ஒரு நல்ல நோயாளி தேவைப்பட்டார்.

நல்ல நோயாளி என்றால் சும்மா இல்லை, பல பொருத்தம் பார்க்க வேண்டும். உழைத்துச் சாப்பிடுகிறவராக இருக்க வேண்டும். சிகரெட் கூடாது. நோய் பெரிதாக இருக்க வேண்டும், ஆனால் மேடையேறி நிற்கத் தெம்பும் இருக்க வேண்டும். பார்த்தால் மனம் இளக வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றக் கூடாது. பெண்ணுக்கு வரன் தேடுகிறவர்கள்கூட இவ்வளவு கண்டிப்பாக இருக்க மாட்டார்கள். டொலீடோ அலுவலகத்தில் இந்தத் தேடலுக்குப் பொறுப்பு ஹோலி என்ற பெண்மணி. வாக்காளர்களின் கதைகளைச் சேகரித்து மேடைக்கும் செய்தித்தாளுக்கும் அனுப்புவது அவள் உத்தியோகம்.

பழைய மேசை ஒன்று வாங்கத்தான் ஹோலி ஒரு மரச்சாமான் கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரி லொரெட்டா ஷமாஸ், லெபனானிலிருந்து வந்த கம்பள வியாபாரியின் மகள். நடக்கப் பழகியதே கம்பளச் சுருள்களுக்கு நடுவில்தான். மேசையின் ஒரு கால் ஆடுவதை ஹோலி கண்டுபிடித்தாள். அது ஆடுவதால்தான் இந்த விலை என்றாள் லொரெட்டா. இன்னும் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்றாள் ஹோலி.

"குறைச்சுக் குறைச்சுத்தான் என் வீட்டுக்காரர் இதயத்தையே ரிப்பேர் பண்ண முடியாம உட்கார்ந்திருக்கேன், இன்னும் எங்கம்மா குறைக்கிறது?" என்றாள் லொரெட்டா.

வியாபாரத்தில் சொல்கிற நூறு பொய்களில் அது ஒன்றாக இருந்திருக்கலாம். உண்மையாகவே இருந்தது. ஹோலி மேசையை மறந்துவிட்டு உட்கார்ந்தாள்.

லொரெட்டாவின் கணவன் நார்மனுக்கு இதயத்தில் ஒரு வால்வு கசிந்துகொண்டிருந்தது. மாற்றியாக வேண்டும். ஒரு வருஷம் தள்ளலாம், மிஞ்சிப்போனால் ஒன்றரை, அதற்குமேல் தான் எதுவும் சொல்வதற்கில்லை என்று மருத்துவர் கையை விரித்திருந்தார். காப்பீடு இல்லாமல் இல்லை. மாதாமாதம் தவறாமல் கட்டினார்கள். அந்தக் காப்பீடு நார்மனை உச்சி முதல் உள்ளங்கால்வரை ஏற்றுக்கொண்டது, இதயத்தைத் தவிர. அது பாலிசி எடுப்பதற்கு முன்பே கெட்டுப்போன இதயமாம்.

"வீடு முழுக்க வாடகைக்கு விட்டுட்டு அடுப்படியை மட்டும் பூட்டி வச்ச மாதிரி" என்பான் நார்மன். ஹோலி அதை அப்படியே குறித்துக்கொண்டாள். மேசையையும் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போனாள்.

ஆகஸ்டில் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக்கூடத்தில் டக் கூட்டிய மக்கள் கூட்டம். பாதிப் பேர் புது மருத்துவக் காப்பீட்டு மசோதாவுக்கு ஆதரவு, பாதிப் பேர் எதிர்ப்பு, எல்லோருக்கும் தொண்டை பெரிது. வாசலில் லெஸ்டர் பெட்டிஸ் நின்றுகொண்டிருந்தார். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவர். வட்டாரத்தில் கட்சிக்காகக் கதவு தட்டி, கட்சியைத் திட்டிக்கொண்டே வீடு திரும்புகிற மனிதர். கையில் 'எல்லோருக்கும் மெடிகேர்' என்று பெரிய அட்டை. அறுபத்தைந்து வயதில் கிடைக்கிற அரசுக் காப்பீட்டைப் பிறந்த குழந்தைக்கும் கொடு என்பது அவர் வாதம்.

"லெஸ்டர், அந்த அட்டையைக் கொஞ்சம் கீழே வைங்களேன். அது இப்ப பேச்சிலேயே இல்லை" என்றாள், லொரெட்டாவையும் நார்மனையும் உள்ளே அழைத்து வந்த ஹோலி.

"பேச்சிலேயே இல்லையா? யாரும்மா எடுத்தது?"

"நாமதான். எதிர்க்கட்சி எப்படியும் ஒத்துக்க மாட்டாங்கன்னு."

"அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டீங்களா!" லெஸ்டர் லொரெட்டா பக்கம் திரும்பினார். "கேட்டியா தாயீ? உன் கடையில இப்படி ஒருத்தரை வேலைக்கு வைப்பியா?"

லொரெட்டாவுக்குச் சுருக்கென்றது. கடை திறந்ததும் கடைசி விலையைச் சொல்கிறவனை அவள் அப்பா மனநோயாளி என்றே நம்பியவர். ஆனால் அவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. தனியார் காப்பீட்டுக்குப் போட்டியாக அரசாங்கமே ஒரு காப்பீடு நடத்தும், வேண்டியவர்கள் சேரலாம், யாருடைய இதயத்தையும் தள்ளிவைக்காது என்று ஹோலி விளக்கியிருந்தாள். நார்மனுக்கு அது போதும். முழுக் கம்பளம் கிடைக்காவிட்டால் கால் வைக்கிற அளவுக்கு ஒரு துண்டு.

மேடையில் லொரெட்டா தன் கதையைச் சொன்னாள். பூட்டிய அடுப்படியைச் சொன்னபோது கத்திக்கொண்டிருந்தவர்களில் சிலர்கூட வாயை மூடினார்கள். டக் வெஸ்லிங் குத்துச்சண்டையில் ஜெயித்தவனின் கையைத் தூக்குவதுபோல நார்மனின் கையைத் தூக்கிப் பிடித்தார்.

"அரசுக் காப்பீடு இல்லாத எந்த மசோதாவுக்கும் என் ஓட்டு கிடையாது. எழுத்துலயே குடுத்திருக்கேன்!"

கூடம் அதிர்ந்தது. "இந்தக் கையை எப்ப இறக்குவாருன்னு கேளு, தோள் வலிக்குது" என்று நார்மன் மனைவியின் காதில் சொன்னான்.

இலை உதிரும் காலத்தில் ஹோலியிடமிருந்து முதல் தொலைபேசி வந்தது.

"லொரெட்டா, கதையில ஒரே ஒரு சின்ன மாத்தம். 'அரசுக் காப்பீடு வேணும்'னு சொல்றீங்க இல்லையா? அதை 'நல்ல போட்டி வேணும்'னு வச்சுக்கலாமா?"

"ஏன், அரசுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. மேலவையில சில பேருக்கு அந்த வார்த்தை பிடிக்கலை. நம்ம கட்சியிலயேதான். தனியார் கம்பெனிங்க ஒழுங்கா நடக்கலைன்னா மட்டும் அரசு உள்ளே வரும்ங்கற மாதிரி பேசிக்கிட்டிருக்காங்க."

"ஒழுங்கா நடக்கலைன்னு யாரு முடிவு பண்றது?"

"அதையும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க."

லொரெட்டா மாற்றிக்கொண்டாள். ஒரு வார்த்தைதானே. வாரத்தில் இரண்டு மாலை கட்சியின் தொலைபேசிக் கூட்டத்துக்கும் போனாள். டோனட் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அழைத்து ஆதரவு கேட்பார்கள். எதைப் பேச வேண்டும் என்று ஒரு தாளில் அடித்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் தாள் புதிதாக இருக்கும், எழுத்து பெரிதாகவும் கோரிக்கை சிறிதாகவும் இருக்கும்.

"போன வாரம் இதே அம்மாகிட்ட யானை கேட்டோம். இந்த வாரம் ஆட்டுக்குட்டி கேக்கணும். அவங்களுக்கு ஞாபகம் இருந்தா என்னத்தைச் சொல்றது?" என்று லெஸ்டர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"யானைதான் குட்டி போட்டிருக்குன்னு சொல்லுங்க" என்றாள் லொரெட்டா.

"சொல்லலாம். குட்டி எங்கேன்னு கேட்டா?" சொல்லிக்கொண்டே எண்ணை அழுத்தினார் லெஸ்டர். எதிர்முனை எடுத்ததும் குரல் தேனாக மாறியது.

டிசம்பரில் ஹோலியே கடைக்கு ஓடி வந்தாள். மூக்கெல்லாம் சிவந்து, பூட்ஸில் பனி.

"நார்மன், உங்களுக்கு என்ன வயசு?"

"கேக்கற தோரணையைப் பார்த்தா கல்யாணத்துக்குத் தயாரா வந்த மாதிரி இருக்கு. அம்பத்தேழு."

ஹோலி அவனைக் கட்டிப் பிடித்துவிட்டாள். அரசுக் காப்பீடு போய்விட்டது, ஆனால் அதற்குப் பதிலாக மேலவையில் ஒரு பேரம்: ஐம்பத்தைந்து வயதானாலே பணம் கட்டி மெடிகேரில் சேரலாம். இதயமும் சேர்த்துத்தான். "இனிமே கதையில வயசுதான் முதல் வரி. 'என் வீட்டுக்காரருக்கு அம்பத்தேழு வயசு'ன்னு ஆரம்பிங்க."

கடையில் வேலை செய்யும் எல்லோரும், அதாவது லொரெட்டாவும் நார்மனும், அன்று சீக்கிரமே கதவைச் சாத்தினார்கள். ஆட்டுக்கறி அரைத்து, அப்பா ஊர்ப் பலகாரமான கிப்பே செய்தாள் லொரெட்டா. நார்மன் உப்பில்லாத தன் பங்கை உப்பிருப்பதுபோல நடித்துச் சாப்பிட்டான். இத்தனை வருஷம் வயதைக் குறைத்துச் சொன்ன லொரெட்டா, புருஷனின் வயதைத் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அறுவை மருத்துவரின் அலுவலகத்துக்குப் பேசி, வசந்தத்தில் எந்த வாரம் தோது என்றுகூட விசாரித்துவிட்டாள். பேரம் படிவதற்கு முன் பொருளைக் கட்டிக் கொடுக்கச் சொல்கிற தப்பு அது. தன் கடையில் யாராவது செய்தால் உள்ளுக்குள் சிரித்திருப்பாள்.

சில நாட்களில் அதுவும் போனது. மேலவையில் ஒரே ஒருவர் தலையை ஆட்டினாராம், பக்கவாட்டில். ஹோலி இந்தமுறை நேரில் வரவில்லை. தொலைபேசியில் அவள் மூச்சு விடுவதை வைத்தே லொரெட்டா புரிந்துகொண்டாள்.

"ஒருத்தருக்காகவா?"

"அவர் ஓட்டு இல்லாம நிறைவேறாது, லொரெட்டா."

"நம்ம டக் ஓட்டு இல்லாமலும்தானே நிறைவேறாது? அவரும் தலையை ஆட்டலாமில்ல?"

மருத்துவரின் அலுவலகத்தில் கேட்டுவைத்த வாரத்தை விட்டுக்கொடுக்க லொரெட்டா மறுநாள் பேசினாள். அங்கிருந்த பெண் காரணம் கேட்கவில்லை. அந்த மாதம் அப்படிப் பலர் பேசியிருப்பார்கள் போல.

மார்ச் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வாஷிங்டனில் கடைசி ஓட்டெடுப்பு. அதற்கு முந்தின வாரக்கடைசியில் தொழிற்சங்கக் கூடத்தில் டக் ஒரு கூட்டம் வைத்தார். அங்கிருந்து நேரே விமானத்துக்கு. லொரெட்டா பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஹோலி அவளையும் நார்மனையும் கூடத்தின் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"நிக்கோல் எப்படி இருக்கா?"

நிக்கோல் அவர்கள் மகள். இருபத்திரண்டு வயது. கல்லூரியை முடித்துவிட்டு ஒரு பூக்கடையில் வேலை, உடம்பு கல்லுமாதிரி.

"நல்லா இருக்கா. எதுக்குக் கேக்கறே?"

"மசோதாப்படி இருபத்தாறு வயசுவரைக்கும் பிள்ளைங்க பெத்தவங்களோட இன்ஷூரன்ஸ்லயே இருக்கலாம். இந்த வருஷமே ஆரம்பம். அதான், கதையை நிக்கோலை வச்சு…"

"எந்த இன்ஷூரன்ஸ்ல?"

"உங்களோடதுல."

"எங்களோடதா! அடுப்படி பூட்டின வீட்டுலயா? அவளுக்கு என்னடி நோய்? ரோஜா முள்ளு குத்தினாத்தான் உண்டு."

"நார்மனோட விஷயமும் மசோதாவுல இருக்கு, லொரெட்டா. முன்னாடியே நோய் இருந்ததுன்னு யாரையும் ஒதுக்க முடியாது. ஆனா பெரியவங்களுக்கு அது 2014-லதான் வருது, இன்னும் நாலு வருஷம் கழிச்சு." ஹோலி அதை வேகமாகச் சொன்னாள், புண்ணில் ஒட்டிய பிளாஸ்திரியை உரிப்பதுபோல. "மேடையில நின்னு அந்த வருஷத்தைச் சொன்னா ஜனங்க உற்சாகம் இறங்கிடும். அதனால நார்மன்… கீழே முதல் வரிசையில உட்காரட்டுமேன்னு."

நார்மன் அலமாரியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "நல்லதாப் போச்சு. மேடையில என் தோள் வலி மிச்சம்" என்றான்.

லொரெட்டா சிரிக்கவில்லை. "டக்கைக் கூப்பிடு" என்றாள்.

டக் வெஸ்லிங் வந்தார். பல நாள் தூங்காத முகம். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் லொரெட்டாவுக்கு அவரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

"ஆகஸ்ட்ல என் புருஷன் கையைத் தூக்கிப் பிடிச்சு ஒரு வாக்குக் குடுத்தீங்க."

"குடுத்தேன்."

"அப்போ?"

"இப்ப என் முன்னால இருக்கறது ரெண்டுதான், லொரெட்டா. இந்த மசோதா, இல்லைன்னா ஒண்ணுமே இல்லை."

"அதை முதல் நாளே மூஞ்சியில எழுதி ஒட்டிக்கிட்டீங்களே, அதான் வினை. எப்படியும் வாங்கிட்டுத்தான் போவீங்கன்னு எதிராளிக்குத் தெரிஞ்சுபோச்சு. கடையை விட்டு எழுந்து ரெண்டடி நடக்காதவங்களுக்கு எவன் இறங்கி வருவான்? ஒரு தடவையாவது வாசல் வரைக்கும் போனீங்களா?"

"போகலாம். போனா மூணு கோடிப் பேரையும் கூட்டிக்கிட்டில்ல போகணும்? அவங்களுக்கு இன்ஷூரன்ஸே கிடையாது. நான் வாசல்ல நின்னு பூச்சாண்டி காட்டற நேரத்துல கடைக்காரன் ஷட்டரை இறக்கிட்டான்னா?" அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "இது ஆரம்பம்தான். அப்புறம் சேர்ப்போம்."

லொரெட்டா வாயைத் திறந்தாள். ஒரு கம்பளத்துக்கு என்றால் அவளிடம் இருபது பதில் உண்டு. கம்பளம் இல்லாமல் மூன்று கோடிப் பேர் செத்துப்போவதில்லை. 

திடீரென்று டக்கின் முகம் மலர்ந்தது. "இருங்க, இருங்க. இடைக்காலத் திட்டம் ஒண்ணு இருக்கே! நோய் இருக்கறதால கம்பெனிங்க தள்ளி வச்சவங்களுக்கு, 2014 வர்ற வரைக்கும். இந்தக் கோடையிலயே திறக்கப் போறோம். நார்மனுக்குன்னே செஞ்ச மாதிரி! ஹோலி, அந்தப் பகுதியை எடு."

ஹோலி பையிலிருந்து தடித்த கட்டு ஒன்றை எடுத்துப் புரட்டினாள். லொரெட்டா நார்மனின் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஹோலியின் உதடு அசைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது.

"என்ன?"

"விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடி ஆறு மாசம் எந்த இன்ஷூரன்ஸும் இருந்திருக்கக் கூடாது."

கூடத்தில் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"எங்ககிட்டதான் இருக்கே. விடாம கட்டியிருக்கோம். ஒரு மாசம் தவறினதில்லை" என்றாள் லொரெட்டா. கடையில் மின்சாரம் நின்ற மாதத்திலும் அதைக் கட்டியிருந்தார்கள். உருப்படாத பாலிசிதான், ஆனாலும் கையில் ஒன்று இருக்கட்டும் என்று. விவரம் உள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று.

"கட்டாம ஊதாரியா இருந்திருந்தா கிடைச்சிருக்கும்" என்றான் நார்மன். "எங்கம்மா என்னை ரொம்ப நல்லா வளர்த்துட்டாங்க."

டக் அவன் தோளைத் தொட்டார். எதையோ சொல்ல வந்து, "பேசறேன். அதை மாத்த முடியுமான்னு பேசிப் பாக்கறேன்" என்றார். மூன்று பேருக்கும் தெரியும், இனி ஒரு எழுத்து மாறாது. அவருக்கும் தெரியும்.

லொரெட்டா மேடை ஏறினாள். பேசாமல் இறங்கிவிடலாம். ஆகஸ்ட் கதையையே திரும்பச் சொல்லி, 2014 என்று மைக்கில் நாலுமுறை கத்தலாம். கத்தினால் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூக்கம் வரும். அடுத்த ஞாயிறு இரண்டு ஓட்டுக் குறைந்து மசோதா விழுந்தால் அந்த 2014-உம் இல்லை. முதல் வரிசையில் நார்மன் உட்கார்ந்து, நடத்து என்பதுபோல் தலையசைத்தான்.

"எனக்கு நிக்கோல்னு ஒரு பொண்ணு இருக்கா" என்று ஆரம்பித்தாள் லொரெட்டா.

சுருக்கமாகத்தான் பேசினாள். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் நார்மன்தான். பக்கத்திலிருந்த அம்மாள் அவனிடம், "பாவம், அந்தப் பொண்ணுக்கு என்ன வியாதியாம்?" என்று கேட்டாள்.

"நல்ல சுகம் மேடம். அதான் வியாதி" என்றான்.

வாசலில் லெஸ்டர் நின்றிருந்தார். கையில் அட்டை இல்லை, தொலைபேசி எண்கள் அடித்த தாள் இருந்தது. லொரெட்டாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நார்மனைக் காணோமே கதையில."

"கீழே இறக்கிட்டாங்க. நீங்க என்ன, இந்த வயித்தெரிச்சலோட இன்னும் போன் பேசப் போறீங்களா?"

"போகாம? ரெண்டு ஓட்டு குறையுதாம்." அவர் குரல் தணிந்தது. "எனக்கு மெடிகேர் வந்து அஞ்சு வருஷமாச்சு, தாயீ. உங்களுக்காகத்தான் அந்த அட்டையைப் பிடிச்சேன். அதுவும் முடியலை. இதையாவது செய்யறேன். வேற எந்தக் கட்சிக்குப் போறது, நீயே சொல்லு."



ஞாயிறன்று மசோதா நிறைவேறியது. டக் வெஸ்லிங் ஆதரவாக ஓட்டுப் போட்டார். தொலைக்காட்சியில் ஆளாளுக்குக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நார்மனும் லொரெட்டாவும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். மூன்று கோடிப் பேர் என்பது கொஞ்சநஞ்சமா?

"ஆறு மாசம்" என்றாள் லொரெட்டா.

"செப்டம்பர்" என்றான் நார்மன். "அதுக்குள்ள எனக்கு அப்பெண்டிசைட்டிஸ் வந்தா?"

"வரக் கூடாது."

"கார் மோதினா?"

"மோதாம ஓட்டு."

"உனக்கு ஏதாவது வந்தா? ரெண்டு பேருக்கும் ஒரே பாலிசிடி. நிறுத்தினா நீயும் தெருவுல."

தொலைக்காட்சியில் ஒருவர் சரித்திரம், சரித்திரம் என்றுகொண்டிருந்தார். நார்மன் சத்தத்தைக் குறைத்தான்.

திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் லொரெட்டா காப்பீட்டுக் கம்பெனிக்குப் பேசினாள். வெகுநேரம் சங்கீதம் கேட்கவைத்த பிறகு ஒரு பெண் வந்தாள், இளம் குரல்.

"பாலிசியை நிறுத்தணும்."

"ஐயோ, ஏன் மேடம்? இவ்வளவு வருஷமா நல்ல வாடிக்கையாளர் நீங்க. ஒரு நிமிஷம் இருங்க." விசைப்பலகைச் சத்தம். "உங்களுக்காக மாசத் தொகையில பத்து சதவீதம் குறைக்கலாம்."

லொரெட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஒன்பது மாதத்தில் அவளிடம் இறங்கி வந்த முதல் ஆள். "இதயத்தைச் சேர்த்துக்குவீங்களா?"

"அது முடியாது மேடம். பதினஞ்சு சதவீதம்னா? அதோட பல் வைத்தியமும் சேர்த்துத் தர்றேன்."

"பல்லு நல்லாத்தான் இருக்கு."

"இருபது. இதுக்குமேல எங்க சூப்பர்வைசரைத்தான் கேக்கணும்."

இன்னும் இரண்டடி நடந்தால் அந்தப் பெண் இருபத்தைந்துக்கும் வருவாள். லொரெட்டாவின் உடம்பு முழுவதும் அது தெரிந்தது. வாழ்நாளில் இவ்வளவு சுலபமான பேரம் அமைந்ததில்லை. ஆனால் இந்தக் கடையில் அவளுக்கு வேண்டிய சரக்கு இல்லை.

"வேண்டாம்மா. நிறுத்திடு."

"சரி மேடம். நிறுத்தினா மறுபடி சேர்றது கஷ்டம், உடம்பைப் பரிசோதிப்பாங்க, தெரியுமில்லையா? மாசக் கடைசியிலேர்ந்து நிறுத்தவா, இன்னிக்கேவா? மாசக் கடைசி வரைக்கும் கட்டியிருக்கீங்க."

மாதக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரத்துக்குமேல் இருந்தது. அந்த நாட்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு. ஆனால் ஆறு மாதக் கணக்கு அவ்வளவு தள்ளித் தொடங்கும். கடையின் மறுகோடியில் ஒரு வாடிக்கையாளர் மூன்று பேர் உட்காரும் சோபாவைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அடிப்பக்கம் பார்க்க வேண்டும் என்றார் போலும். நார்மன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு முனையில் குனிந்தான்.

"மேடம்? இருக்கீங்களா?"

"இன்னிக்கே" என்றாள் லொரெட்டா. ரிசீவரை மார்போடு அழுத்திக்கொண்டு கடை முழுவதும் கேட்கும்படி கத்தினாள்: "நார்மன்! அதைக் கீழே வை!"